சிவப்பு ஒயின்: கொடுக்கிற காசு எங்கே போகிறது?

லண்டன் பேரங்காடி ஒன்றின் ஒயின் வரிசையில் 6 பவுண்டுக்கும் சிவப்பு ஒயின் இருக்கும், 60 பவுண்டுக்கும் இருக்கும். இரண்டும் திராட்சையை நொதிக்க வைத்து எடுத்தவைதான்; இரண்டும் 750 மில்லிலிட்டர்தான். பத்து மடங்கு விலை கொடுத்தால் பத்து மடங்கு ருசி வராது என்பது யாரும் சொல்லாமலே தெரியும். 6 பவுண்டிலிருந்து 10 பவுண்டுக்கு ஏறினால் என்ன கிடைக்கும், 10-லிருந்து 25-க்கு ஏறினால் என்ன கிடைக்கும் என்பதுதான் பலருக்கும் பிடிபடாத கணக்கு. அது பிடிபடாததால் இரண்டு விதமாக ஏமாறுகிறோம். ஆகக் குறைந்த விலை பாட்டிலை எடுத்துவந்து, ‘ஒயின் என்றால் இவ்வளவுதானா’ என்று முகம் சுளிக்கிறோம். அல்லது விருந்தாளிக்கு முன் குறைச்சலாகத் தெரியக் கூடாது என்று தேவைக்கு மேல் கொட்டிக் கொடுக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் திட்டவட்டமாகச் சொன்னது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று கைப்பேசியில் சுற்றிவரும் செய்தியை நம்பி யாரும் குடிக்கத் தொடங்க வேண்டாம். இந்தக் கட்டுரை, எப்போதாவது ஒரு பாட்டில் வாங்குகிறவர்கள் அந்தக் காசை உருப்படியாகச் செலவழிப்பதற்காக எழுதப்படுகிறது.

முதலில் வரி. பிரிட்டனில் 2023 ஆகஸ்ட் முதல் 2025 ஜனவரி வரை, ஆல்கஹால் 11.5 முதல் 14.5 சதவீதம் வரை உள்ள எல்லா ஒயினுக்கும் பாட்டிலுக்கு 2 பவுண்ட் 67 பென்ஸ் கலால் தீர்வை இருந்தது. பாட்டில் 6 பவுண்டோ 600 பவுண்டோ, தீர்வை அதே தொகைதான். அதன்மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி. இப்போது 6 பவுண்ட் பாட்டிலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மதிப்புக் கூட்டு வரிக்கு 1 பவுண்ட், தீர்வைக்கு 2.67 பவுண்ட் போனால் மீதி 2.33. அந்த 2.33-க்குள்தான் கண்ணாடி பாட்டில், தக்கை, லேபிள், அட்டைப்பெட்டி, கப்பல் கூலி, இறக்குமதியாளர் பங்கு, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற சில்லறைதான் உள்ளே இருக்கும் ஒயினின் விலை.

அதே கணக்கை 12 பவுண்ட் பாட்டிலுக்குப் போட்டால் இரண்டு வரியும் போக 7.33 மிஞ்சுகிறது. விலை இரண்டு மடங்குதான் ஆனது. வரி போன மிச்சமோ மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. கண்ணாடியும் கப்பல் கூலியும் பெரிதாக மாறாது. கடைக்காரர் லாபம் சதவீதக் கணக்கு என்பதால் அது மட்டும் கூடவே ஏறும். ஆனாலும் திராட்சை வளர்த்தவர் கைக்குப் போகிற தொகை பல மடங்கு கூடுகிறது. ஒயினில் காசுக்கு ஏற்ற பலன் மிக வேகமாகக் கூடுகிற கட்டம் இந்த முதல் சில படிகள்தான். 2025 பிப்ரவரி முதல் பிரிட்டன் ஆல்கஹால் அளவைப் பொறுத்துத் தீர்வையைப் பிரித்துவிட்டது; எண்கள் மாறினாலும் தர்க்கம் மாறவில்லை.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. அங்கே ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி தீர்வை. 13.5 சதவீதம் உள்ள சாதாரண சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 9 வெள்ளி அரசுக்குப் போய்விடுகிறது; பொருள் சேவை வரி தனி. இதற்கு நேர்மாறாக பிரான்ஸில் பாட்டிலுக்குச் சில சென்ட் மட்டுமே தீர்வை. ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயினில் சாதாரண ஒயினுக்குத் தீர்வையே இல்லை. பாரிஸில் 6 யூரோவுக்கு வாங்கிக் குடித்து மகிழ்ந்தவர், லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ திரும்பிவந்து அதே விலையில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நிலையான வரி எங்கே அதிகமோ, அங்கே ஆக மலிவான பாட்டில்தான் ஆக மோசமான பேரம்.

சரி, மேலே போகப் போக என்ன ஆகிறது? நல்ல ஒயினுக்கு உண்மையாகவே செலவு உண்டு. கொடியில் காய்ப்பைக் குறைத்தால் சாறு அடர்த்தியாகும். ஆனால் ஒரு ஹெக்டேரிலிருந்து வரும் பாட்டில்களும் குறையும். செங்குத்தான சரிவில் இயந்திரம் ஏறாது, கையால்தான் பறிக்க வேண்டும். பீப்பாய் இன்னொரு செலவு. 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் 800, 1000 யூரோ ஆகும். அதில் 300 பாட்டில் ஒயின் பிடிக்கும். ஆக பாட்டிலுக்கு ஏறத்தாழ 3 யூரோ. இது சிறிய தொகையல்ல. ஆனால் ‘புது ஓக் பீப்பாயில் பதினெட்டு மாதம் முதிர்ந்தது’ என்ற ஒரு வரியைக் காட்டி 40 யூரோ கூடுதலாகக் கேட்டால், அந்த நாற்பதில் பீப்பாயின் பங்கு மூன்றுதான் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீதிக்குப் பெயர் அருமை. அதாவது பண்டம் கொஞ்சம், கேட்பவர் அதிகம். பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்து ரொமானே-கோந்தி தோட்டம் 1.8 ஹெக்டேர்தான், நம் கணக்கில் நாலரை ஏக்கர். ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் பாட்டில் வரும். உலகம் முழுவதிலுமிருந்து பணக்காரர்கள் அந்த ஐந்தாறாயிரத்துக்குப் போட்டி போடுகிறார்கள். அங்கே விலையைத் தீர்மானிப்பது ஏலம்; நாக்கல்ல.

பிரான்ஸின் இன்னொரு ஒயின் வட்டாரமான போர்தோவின் கதை இதைவிடச் சுவையானது. 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் அந்தப் பகுதி ஒயின்களைத் தரவரிசைப்படுத்தச் சொன்னார். வேலை அங்கிருந்த ஒயின் தரகர்களிடம் வந்தது. அவர்கள் யாரையும் கூப்பிட்டு ருசி பார்க்கவில்லை. எந்தத் தோட்டத்து ஒயின் சந்தையில் என்ன விலைக்குப் போய்க்கொண்டிருந்தது என்று பார்த்து, அதன்படியே சிவப்பு ஒயின்களை ஐந்து தரமாக அடுக்கிக் கொடுத்துவிட்டார்கள். விலையை வைத்து வந்தது தரவரிசை. அன்றிலிருந்து தரவரிசையைக் காட்டி வைக்கப்படுகிறது விலை. முதல் தரத்தில் இருந்தவை நான்கு. அதற்குப் பிறகு நடந்த ஒரே பெரிய மாற்றம் 1973-ல் மூத்தோன் ரோத்சில்ட் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியதுதான். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகத் தோட்டங்கள் கைமாறின, எல்லைகள் மாறின, ஆட்கள் மாறினார்கள். அடுக்கு அப்படியே நிற்கிறது.

இதே போர்தோவில்தான் 2023-ல் விற்காத ஒயின் தேங்கிப்போய், அரசு உதவித்தொகை பெற்று விவசாயிகள் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கொடிகளைப் பிடுங்க முன்வந்தார்கள். ஒரு பக்கம் பாட்டில் ஆயிரம் யூரோ, இன்னொரு பக்கம் வேரோடு பிடுங்கிய கொடி. பெயரில்லாத சிறு தோட்டத்து போர்தோ இன்று பல கடைகளில் அநியாயமாக மலிந்திருக்கிறது. ‘போர்தோ என்றாலே கையைக் கடிக்கும்’ என்று அந்தப் பக்கமே போகாதவர்கள் இந்த நல்ல வாய்ப்பை விடுகிறார்கள்.

பெயரை மறைத்துவிட்டால் என்ன ஆகும்? அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1976 மே 24 அன்று, பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், பிரெஞ்சு நடுவர்களை உட்காரவைத்துப் பெயர் மறைத்த கோப்பைகளை நீட்டினார். சிவப்பில் முதலிடம் கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கிலுள்ள ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸுக்குப் போனது. போர்தோவின் மூத்தோன் ரோத்சில்டும் ஓ-பிரியோனும் அதற்குப் பின்னால்தான் வந்தன. இதில் ஒரு வேடிக்கை: விலையை நம்பாதே என்று காட்டிய அந்தச் சோதனையே, நாப்பா பள்ளத்தாக்கு ஒயின்களின் விலையை ஏற்றிவிட்டது. இன்று காசுக்கு ஏற்ற ஒயின் தேடுகிறவர் போய் நிற்க வேண்டிய கடைசி இடங்களில் நாப்பாவும் ஒன்று.

2008-ல் அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மறைசோதனைகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. விலை தெரியாமல் குடித்தபோது, சாதாரண மக்களுக்கு விலை உயர்ந்த ஒயின் கூடுதலாகப் பிடிக்கவில்லை. சொல்லப்போனால் சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் நடந்த இன்னொரு ஆய்வில், இருபது பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து ஒயின் கொடுத்தார்கள். 5 டாலர் ஒயினையே ஒருமுறை 5 டாலர் என்றும் இன்னொரு முறை 45 டாலர் என்றும் சொன்னார்கள். 45 என்றபோது அதிகம் பிடித்ததாக அவர்கள் சொன்னது மட்டுமல்ல, மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விலை நாக்கை நிஜமாகவே மாற்றுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘எல்லாம் ஏமாற்று வேலை, மலிவானதையே வாங்கு’ என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய. அது அவசரம். அதே ஆறாயிரம் சோதனைகளில், ஒயின் பயிற்சி பெற்றவர்களுக்கு விலை உயர்ந்தவை பிடிக்காமல் போகவில்லை. அவர்கள் வித்தியாசத்தைக் கண்டார்கள். விலையேறிய சிவப்பு ஒயின்களில் பல, துவர்ப்பும் பீப்பாய் வாசமும் முரட்டுத்தனமாக இருக்கும் இளம் வயதில் திறக்கப்படுகின்றன. பழகாத நாக்குக்கு அது தண்டனை. அதனால் முதல் கேள்வி ‘எது சிறந்தது’ என்பதல்ல, ‘எனக்கு எது பிடிக்கும்’ என்பதுதான். அதற்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

ஒன்று துவர்ப்பு. சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்து வருகின்றன. கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் சாறு பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும், தோலோடு ஊறினால்தான் சிவக்கும். டானின் எனப்படும் அந்தத் துவர்ப்பு, கடுந்தேநீர் போல நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கும். அறுசுவையில் துவர்ப்புக்கு இடம் கொடுத்து, வாழைப்பூவையும் மாவடுவையும் விரும்பிச் சாப்பிடும் நமக்கு இது அந்நியமாக இருக்கத் தேவையில்லை. திராட்சை வகைகளில் காபர்னே சோவின்யோனில் துவர்ப்பு அதிகம், மெர்லோவில் மிதம், கமேயில் குறைவு. இரண்டாவது புளிப்பு, வாயில் எச்சில் ஊறவைத்து அடுத்த வாய்க்குக் கூப்பிடுவது அதுதான். இத்தாலிய சிவப்புகளில் இது தூக்கலாக இருக்கும். மூன்றாவது கனம், அதாவது வாயில் நீர்த்திருக்கிறதா அடர்ந்திருக்கிறதா என்பது. வெயில் அதிகமுள்ள ஊரில் பழம் இனிப்பேறி, ஆல்கஹாலும் 14, 15 சதவீதத்துக்குப் போய், கனமும் கூடும். லேபிளில் இருக்கும் அந்தச் சதவீத எண் ஒரு நல்ல துப்பு: 12.5 என்றால் மெல்லியது, 14.5 என்றால் கனத்தது என்று குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளலாம். இந்த மூன்றையும் சொல்லிக் கேட்டால் கடைக்காரரால் உதவ முடியும். ‘நல்லதா ஒண்ணு குடுங்க’ என்றால், எது விற்காமல் நிற்கிறதோ அதுதான் கைக்கு வரும்.

இனி எங்கே தேடுவது? நிலம் விலை ஏறாத, பெயர் இன்னும் பெரிதாகாத, ஆனால் கொடி முதிர்ந்த ஊர்களில். இல்லையென்றால், பெயர் ஏதோ ஒரு காரணத்தால் கெட்டுப்போன ஊர்களில்.

பெயர் கெட்டதற்கு போஷொலே நல்ல உதாரணம். பர்கண்டிக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் மலைப்பகுதி. திராட்சையின் பெயர் கமே. பர்கண்டிக் கோமகன் துணிவுள்ள பிலிப் 1395-லேயே இந்தக் கமேயைத் தன் நாட்டிலிருந்து விரட்டி உத்தரவு போட்டவர். விரட்டப்பட்ட கமேவுக்கு போஷொலேயின் கருங்கல் மண் அமைந்துபோனது. பிறகு இருபதாம் நூற்றாண்டில் ‘போஷொலே நூவோ’ என்று, அறுவடை முடிந்த சில வாரத்தில், நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை உலகமெங்கும் திறக்கும் திருவிழா ஒயினாக அதை விற்றார்கள். விற்பனை பறந்தது, மதிப்பு இறங்கியது. போஷொலே என்றால் மிட்டாய் வாசமடிக்கும் விளையாட்டு ஒயின் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் பகுதியின் வடபாதியில் பத்துச் சிறு வட்டாரங்கள் தங்கள் பெயரிலேயே ஒயின் விற்கும் உரிமை பெற்றவை: மோர்கோன், ஃப்ளூரி, மூலான்-ஆ-வான் போன்றவை. லேபிளில் அந்த வட்டாரப் பெயர்தான் பெரிதாக இருக்கும். துவர்ப்பு மென்மை, பழச்சுவை துலக்கம், சில ஆண்டு வைத்தும் குடிக்கலாம். பக்கத்துப் பர்கண்டியில் இதே அளவு உழைப்புக்கு இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். என்னைக் கேட்டால் பிரான்ஸில் காசுக்கு இதைவிட நியாயமான சிவப்பு ஒயின் இல்லை.

ரியோஹாவின் நியாயம் வேறு வகை. வடக்கு ஸ்பெயினின் இந்தப் பகுதியில் காத்திருக்கும் செலவை ஒயின் நிறுவனமே ஏற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரெஞ்சுக் கொடிகளின் வேரை அரித்தபோது, போர்தோ வணிகர்கள் ஒயின் தேடி இங்கே வந்தார்கள். பீப்பாயில் முதிர வைக்கும் பழக்கம் இங்கே ஆழமாக வேரூன்றியது. இன்று அது சட்டமாகவே இருக்கிறது. கிரியான்சா என்றால் மொத்தம் இரண்டு ஆண்டு முதிர்ச்சி, அதில் ஓராண்டாவது பீப்பாயில். ரெசர்வா என்றால் மூன்று ஆண்டு. கிரான் ரெசர்வா என்றால் ஐந்து ஆண்டு, அதில் குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில். ஸ்பானிய மொழி தெரியாவிட்டாலும் பாட்டிலின் பின்பக்க முத்திரை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்: கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசர்வாவுக்குக் கருஞ்சிவப்பு, கிரான் ரெசர்வாவுக்குக் கருநீலம். போர்தோவில் நல்ல ஒயினை வாங்கிப் பத்தாண்டு குளிர்ந்த அறையில் நீங்கள் வைத்திருக்க வேண்டும். ரியோஹாவில் அந்த வேலையை அவர்களே முடித்து, குடிக்கிற பதத்தில் அனுப்புகிறார்கள். அந்த மூன்றாண்டு வட்டியையும் கிடங்கு வாடகையையும் சேர்த்துப் பார்த்தால், ரெசர்வாவின் விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று வியப்பாகத்தான் இருக்கிறது. டெம்ப்ரனீயோ திராட்சையும், பல நிறுவனங்கள் பரம்பரையாகப் பயன்படுத்தும் அமெரிக்க ஓக் தரும் வனிலா வாசமும் புதியவர்களுக்கும் எளிதில் பிடித்துவிடும்.

ஸ்பெயினிலேயே கிழக்கே போனால் கலாதாயுத், கம்போ தெ போர்ஹா என்ற பகுதிகளில் முதிய கர்னாச்சா கொடிகள் இருக்கின்றன. முதிய கொடி குறைவாகக் காய்க்கும், சாறு செறிவாக இருக்கும். ஊர்ப் பெயர் யாருக்கும் தெரியாது. அதனால்தான் விலை குறைவு. இதே திராட்சை பிரான்ஸில் கிரெனாஷ் என்ற பெயரில், ஷாதோநெஃப்-து-பாப் லேபிளோடு பல மடங்கு விலைக்குப் போகிறது. போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கும் இப்படித்தான். 1756-லேயே எல்லை வகுக்கப்பட்ட பழம்பெரும் பகுதி அது. ஆனால் அன்றிலிருந்து போர்ட் என்ற இனிப்பு மதுவுக்கே பேர்போனது. அதே தூரிகா நாசியோனல் முதலான திராட்சைகளில் இப்போது செய்யப்படும் சாதாரண சிவப்பு ஒயின், வாயில் நுழையாத பெயர்களால் மலிவாகவே கிடக்கிறது.

சிலியில் மெர்லோ என்று நினைத்து வளர்த்துவந்த கொடிகளில் பல உண்மையில் கார்மெனேர் என்று 1994-ல் பிரெஞ்சு நிபுணர் ழான்-மிஷேல் புர்சிக்கோ கண்டுபிடித்தார். போர்தோவில் ஃபிலாக்ஸெராவுக்குப் பின் அநேகமாக மறைந்துபோன வகை அது. மிளகும் பச்சைக் குடமிளகாயும் கலந்த வாசம். பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும். அர்ஜென்டினாவின் மெண்டோசா பகுதியில் மால்பெக் திராட்சையில் செய்யும் ஒயினைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் அறிந்ததே. மிதமான விலையில் அதை வாங்கி ஏமாறுவதும் அபூர்வம்.

எச்சரிக்கை ஒன்று: மலிவான பினோ நுவார் வாங்காதீர்கள். மெல்லிய தோலுள்ள, நோய்க்கும் பனிக்கும் எளிதில் பலியாகும், குறைவாகக் காய்க்கவிட்டால் மட்டுமே தன் குணத்தைக் காட்டும் திராட்சை அது. அதை மலிவாகச் செய்ய வழியே இல்லை. செய்தால் நிறமும் மணமும் இல்லாத நீர்த்த சாறுதான் மிஞ்சும்.

கடையில் கண்ணில் படுகிற மற்றவற்றில் பெரும்பாலானவை சத்தம். கையில் தூக்கினால் கனக்கிற தடித்த பாட்டில் ஒயினுக்கு எதுவும் செய்வதில்லை, கப்பல் கூலியைத்தான் கூட்டும். தங்கப் பதக்கப் பொட்டுகளையும் நம்ப வேண்டாம். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ஒரே பாட்டில் ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார் ராபர்ட் ஹாட்சன் என்பவர். மூன்று முறையும் ஒரே பதக்க வரிசைக்குள் மதிப்பிட்டவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் இருந்தார்கள். திருகு மூடி மட்டமான ஒயினின் அடையாளம் என்பதும் பழங்கதை. தக்கையால் வரும் பூஞ்சை நாற்றம் அதில் வராது. ‘பாதி விலை’ அட்டைகளைப் பார்த்தால், அந்த முழு விலைக்கு அதை எவராவது என்றாவது வாங்கியிருப்பார்களா என்று ஒரு கணம் யோசிக்கலாம்.

இந்தியாவில் இருக்கும் வாசகர்களுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. இறக்குமதி ஒயினுக்குச் சுங்கவரி பல ஆண்டுகளாக 150 சதவீதம்; மாநில வரிகள் அதன்மேல். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தியதைப் புறநானூறு பாடுகிறது. இந்த வரி விகிதத்தில் அது இன்றும் மன்னர்களுக்கு உரிய பண்டம்தான். 2022 டிசம்பர் இறுதியில் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தம், இறக்குமதி விலை 5 டாலருக்கு மேலுள்ள அந்நாட்டு ஒயினுக்கு 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேலுள்ளதற்கு 75 சதவீதமாகவும் வரியைக் குறைத்தது. பத்தாண்டில் இவை 50, 25 என்று இறங்கும். ஆனாலும் ஐரோப்பாவில் 4 யூரோவுக்கு விற்கிற பாட்டிலை இங்கே சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குவதில் அர்த்தமில்லை. அந்தக் காசுக்கு நாசிக், சோலாப்பூர், நந்தி மலை ஒயின்களில் மேல்தட்டுப் பாட்டிலே கிடைக்கும். சூலாவின் ராசா ஷிராஸ், குரோவரின் லா ரெசர்வ், ஃப்ராதெல்லியின் செத்தே போன்றவை அந்த வரிசை. தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால் தெரிவு குறுகல்தான். கிடைக்கிற இடத்தில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். குளிர்சாதனம் இல்லாத கடையில் மூன்று கோடை நின்ற பாட்டில் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் வெந்து போயிருக்கும்.

வெப்பத்தைப் பேசும்போது, காசே செலவில்லாமல் ஒயினை மேம்படுத்தும் வழி ஒன்று உண்டு. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது பழைய ஐரோப்பிய வீட்டின் அறை, 16 முதல் 18 டிகிரி. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அறை என்பது 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழச்சுவை மங்கும். நல்ல ஒயினும் சாராயமாகத் தெரியும். திறப்பதற்கு அரை மணி நேரம் முன் குளிர்பெட்டியில் வையுங்கள். கமே, கர்னாச்சா போன்ற மென்மையானவற்றை இன்னும் சற்றுக் குளிரவிடலாம்.

சாப்பாட்டையும் யோசிக்க வேண்டும். துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தைத் தூண்டிவிடும். காரமான செட்டிநாட்டுக் குழம்போடு 14.5 சதவீத காபர்னேயை வைத்தால் இரண்டுமே கெடும். அங்கே குளிர்ந்த போஷொலேதான் சரி. சுட்ட ஆட்டுக்கறி, காரம் குறைந்த மட்டன் வறுவல் என்றால் கதை வேறு. கறியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணித்துவிடும். அதோடு ரியோஹா நன்றாக நிற்கும். மீந்த பாட்டிலை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஒரே இரவில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.

என் கணிப்பில், ஐரோப்பாவில் 8 முதல் 18 யூரோ, பிரிட்டனில் 10 முதல் 20 பவுண்ட் என்பதே கொடுத்த காசு பெரும்பாலும் ஒயினுக்குப் போகிற வரம்பு. அதற்குக் கீழே வரியும் கண்ணாடியும் தின்றுவிடுகின்றன. 30-ஐத் தாண்டினால், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தவர்கள் மட்டும் கொடுக்கலாம். புதிதாகத் தேடத் தொடங்குகிறவர்கள் ஒரு மோர்கோனும் ஒரு ரியோஹா ரெசர்வாவும் வாங்கி, லேபிளைத் துணியால் மூடி, நாலு பேராக உட்கார்ந்து ருசித்துப் பாருங்கள். எது முதலில் காலியாகிறதோ, அதன் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை கடைக்காரரிடம் சொல்லுங்கள்.